சிறிய அறக்கட்டளைக்குக் கணினி வாங்கும் முன்: குறைந்த செலவில் ஓர் அலுவலகம்

நன்கொடை கொஞ்சம் சேர்ந்ததும் நேரே கடைக்குப் போய், “நல்ல கம்ப்யூட்டராக ஒன்று கொடுங்கள்” என்று கேட்கும் வழக்கம் சிறிய அறக்கட்டளைகளில் அதிகம். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் வேலை, அடுத்து மென்பொருள், கணினி கடைசியில்.

படி 1: வேலையை எழுதுங்கள்

மாலை நேரப் படிப்பகமோ முதியோர் இல்லமோ, அலுவலகத்தில் நடப்பது ரசீது, கடிதம், பயனாளிகள் பட்டியல், வரவு செலவு. இவற்றுக்கு விலை உயர்ந்த இயந்திரம் வேண்டாம். கணக்கு எழுதும் முறையை மட்டும் ஆடிட்டரிடம் முன்பே கேளுங்கள். அவருக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள்தான் வேண்டும் என்றால் அதன் விலையையும், அது இயங்கத் தேவையான விண்டோஸையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். எக்செல் கோப்பே போதும் என்றால் பெரிய செலவு மிச்சம்.

படி 2: மென்பொருள்

லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து தொடங்குங்கள். முற்றிலும் இலவசம், வேர்ட், எக்செல் கோப்புகளைத் திறக்கும். சிக்கலான அட்டவணைகள் சில நேரம் இடம் மாறும் என்பதால், வெளியே அனுப்பும் கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். கூகுளும் மைக்ரோசாஃப்டும் தொண்டு நிறுவனங்களுக்கெனத் தனிச் சலுகைத் திட்டங்கள் வைத்திருக்கின்றன. பதிவு ஆவணங்களைச் சரிபார்த்த பிறகே ஒப்புதல் வரும். எனவே இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

கடைக்காரர் “எல்லாம் போட்டே தருகிறேன்” என்று திருட்டுப் பிரதியை ஏற்றித் தர முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அப்படிப்பட்ட பிரதியோடு வைரஸும் வரலாம். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீதுக்காக நம்மை நம்பி பான் எண்ணைக் கொடுத்தவர்களின் விவரம் அந்தக் கணினியில்தான் இருக்கப்போகிறது.

தமிழில் கடிதம் எழுதுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். பல ஆண்டுப் பயனாளிகள் பட்டியல் இப்படிப் படிக்க முடியாமல் போவது பெரிய இழப்பு. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவசக் கருவியால் அவற்றை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். புதிதாகத் தட்டச்சு செய்வது எல்லாமே யூனிகோடில் இருக்கட்டும்.

படி 3: கணினி

பெரிய நிறுவனங்கள் கழித்துவிடும் டெல், லெனோவோ, எச்பி மேசைக் கணினிகள் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. சென்னையில் ரிச்சி தெரு இதற்குப் பெயர் பெற்றது. மடிக்கணினியைவிட இவற்றைப் பழுது பார்ப்பது எளிது. ஆனால் யுபிஎஸ் செலவைத் தனியாக ஒதுக்குங்கள். மின்தடை வரும் ஊரில் அதைத் தவிர்க்கவே கூடாது.

பணம் கொடுக்கும் முன், கடையிலேயே இயந்திரத்தை இயக்கச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். ரேம் (தற்காலிக நினைவகம்) 8 ஜிபி இருக்க வேண்டும். வட்டுக்கு அருகில் எஸ்எஸ்டி (வேகமான புதிய வகை வட்டு) என்று இருக்க வேண்டும். எச்டிடி (பழைய சுழலும் வட்டு) என்றிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். இன்டெல் பிராசஸராக இருந்தால் அதன் பெயரையும் படியுங்கள். ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்கும். ஐ5-6500 என்றால் ஆறாம் தலைமுறை, ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் இந்த எண் முக்கியம்.

ஏற்கெனவே பழைய கணினி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். கணினியின் வட்டில் இருப்பது அழியாது. பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்தால் மட்டும் நிறுவுங்கள்.

படி 4: கணக்குகளும் நகலும்

மின்னஞ்சல் கணக்கை யாருடைய சொந்தக் கைப்பேசி எண்ணிலும் தொடங்காதீர்கள். அறக்கட்டளைக்கென்று ஒரு எண் இருக்கட்டும். கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடமாவது இருக்கட்டும். வாரம் ஒருமுறை கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, வட்டை அலுவலகத்துக்கு வெளியே வைத்திருங்கள். அவ்வப்போது அதிலிருந்து ஒரு கோப்பை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அன்றே புது நகல் எடுத்துவிடுங்கள்.