சம்பளம் எங்கே போகிறது: முடிந்த மாதத்தை உட்கார்ந்து பார்க்கும் முறை

மாசக் கடைசியில் கையைக் கடிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: போன மாதம் டச் என் கோ இ-வாலட்டில் (போனில் இருக்கும் பணப்பை) எத்தனை தடவை ரீலோட் செய்தீர்கள், அதாவது பணம் ஏற்றினீர்கள்? சட்டென்று யாருக்கும் பதில் வராது. மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கும் வரவில்லை.

பட்ஜெட் போட உட்காருகிறவர்கள் நேராக அடுத்த மாதத்துக்குப் போய்விடுகிறார்கள். சாப்பாட்டுக்கு 600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), பெட்ரோலுக்கு 300, மீதி சேமிப்பு என்று எழுதிவைத்து, பத்து நாளில் அந்தத் தாள் எங்கே போனது என்றே தெரியாது. அந்த 600 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இருந்தால் நன்றாயிருக்கும் என்று மனசில் தோன்றிய எண்தான். அதனால் இப்போதைக்குத் திட்டம் எதுவும் வேண்டாம். முடிந்துபோன ஒரு மாதத்தை எடுத்து, ஒரு வெள்ளி விடாமல் பாருங்கள். அதுதான் பாதி வேலை, சொல்லப்போனால் முக்கால்வாசி.

மாதம் என்றால் காலண்டர் மாதம் இல்லை. சம்பளம் 25-ஆம் தேதி வந்தால் உங்கள் மாதம் 25-இல் தொடங்கி அடுத்த 24-இல் முடிகிறது. ஒன்றாம் தேதியிலிருந்து கணக்குப் பார்த்தால், சம்பளம் வந்த கையோடு செலவான அந்த முதல் ஐந்தாறு நாள் முந்தைய மாதத்தோடு போய்விடும், ஆனால் அதிகம் கரைவது அந்த நாட்களில்தான்.

வரவைக் கையில் வருகிற தொகையாக மட்டும் எழுதுங்கள். சம்பளம் 4,200 வெள்ளி என்றால் ஓய்வுக்காலத்துக்கான சேமநிதிக்கு (இபிஎஃப்) நம் பங்கு 11 விழுக்காடு, 462 வெள்ளி, போய்விடும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பான சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் கொஞ்சம் பிடிக்கும், வருமான வரி இருந்தால் அதுவும். வீட்டுக்கு வருவது 3,700 சொச்சம்தான், ஆனால் 4,200 என்றே நினைத்துச் செலவு செய்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். 2024 மே மாதத்திலிருந்து சேமநிதியில் புதிதாகச் சேரும் பணத்தில் 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்குப் போகிறது, அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தயவுசெய்து அதை வரவில் சேர்க்காதீர்கள். எடுக்க முடிகிறது என்பதற்காக அது சம்பளமாகிவிடாது, அறுபது வயதில் நீங்கள் சாப்பிட வேண்டிய சோறு அது.

சரி, இப்போது செலவு. வங்கி ஸ்டேட்மெண்டை அச்செடுத்துக்கொள்ளுங்கள். போனிலேயே பார்க்கலாம்தான், ஆனால் தாளில் பேனாவால் கோடு போடும்போது கண் ஒரு வரியையும் தாண்டாது. வீட்டுக் கடன், கார் தவணை, பிடிபிடிஎன் படிப்புக் கடன், கரண்ட் பில், தண்ணீர் பில், இன்டர்நெட் எல்லாம் தெளிவாக இருக்கும், அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம். சிக்கல் வருவது ரீலோட் என்று இருக்கும் வரிகளில்.

என் ஸ்டேட்மெண்டில் அந்த மாதம் 50 வெள்ளி ரீலோட் பன்னிரண்டு தடவை இருந்தது. மொத்தம் 600. வங்கியைப் பொறுத்தவரை அது ஒரே வகைச் செலவு, ஆனால் ரீலோட் என்பது பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறுவது மட்டும்தான், செலவு இனிமேல்தான் நடக்கப்போகிறது. அதனால் இ-வாலட்டைத் திறந்து, அதன் பட்டியலையும் வரி வரியாக எழுதினேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் பார்க்கிங் ஒரு நாளைக்கு 8 வெள்ளி, 21 நாள், 168. கிள்ளானில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்வந்த டோல் 46. மாமாக் சாப்பாட்டுக் கடை 131. மதியம் பொட்டலம் கட்டி வாங்கிய சாப்பாடு 104. வீட்டுக்குக் கீழே இருக்கும் 24 மணிநேரக் கடையில் ஐஸ்கிரீம், மினரல் தண்ணீர், பேட்டரி என்று 87. மளிகை 64. எழுதி முடித்ததும் என் வீட்டுக்காரர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, "வண்டியை நிறுத்தி வைக்கவே நூத்தி அறுபத்தெட்டா?" என்றார்.

எங்கள் வீடு கோலாலம்பூர் செந்தூலில், வேலை மஸ்ஜிட் ஜாமேக் பக்கம். செந்தூல் தீமோரில் எல்ஆர்டி ஏறினால் வண்டி மாறாமல் போய் இறங்கலாம். மலேசியக் குடிமக்களுக்கு மை50 பாஸ் 50 வெள்ளிதான், முப்பது நாளைக்கு ரேபிட் கேஎல்லின் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பஸ் எல்லாவற்றிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். பெட்ரோலை விடுங்கள், பார்க்கிங்கில் மட்டும் மாதம் 118 வெள்ளி மிச்சம். இது எனக்கு முன்பே தெரியாத செய்தி இல்லை, பாஸ் இருப்பது தெரியும், பார்க்கிங் 8 வெள்ளி என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மாமாக் கடை 131-ஐ நாங்கள் தொடவில்லை. காசு சேர்க்க வேண்டும் என்றால் தே தாரேக் டீயை நிறுத்து என்று அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் இரண்டு ராத்திரி கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசுவது மட்டும்தான் பொழுதுபோக்கு, அதைப் பிடுங்கி மாதம் ஐம்பது அறுபது வெள்ளி மிச்சம் பிடிக்கிற வீட்டில் பட்ஜெட் மூன்று மாதம்கூட நிலைக்காது என்பது என் உறுதியான எண்ணம். யாருக்கும் சந்தோஷம் தராமல் போகிற காசை முதலில் பிடியுங்கள். பார்க்கிங் அப்படிப்பட்டது, பார்க்காமலே மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் சந்தா அப்படிப்பட்டது, தாமதமாகக் கட்டியதால் வந்த அபராதமும் அப்படித்தான்.

அடுத்தது மாதக் கணக்கில் வராத செலவு. நல்ல சம்பளக்காரர்களே விழுகிற இடம் இது. ஒரு நோட்டில் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் வருவதை எழுதுங்கள். எங்களுடையதைச் சொல்கிறேன்: கார் காப்புறுதி 850, ரோட் டாக்ஸ் 90, சர்வீஸ் இரண்டு தடவை 600, பள்ளி திறக்கும்போது யூனிஃபார்ம், காலணி, புத்தகப்பை 860, மாநகராட்சி மன்றத்தின் மதிப்பீட்டு வரி பிப்ரவரிக்குள் ஒன்று ஆகஸ்டுக்குள் ஒன்று சேர்த்து 400, கல்யாணம் காதுகுத்துக்கு மொய் 800, தீபாவளி 2,400. கூட்டினால் 6,000 வெள்ளி, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 500. அந்த 500-ஐ நான் இத்தனை வருடம் செலவாகவே நினைக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் "இந்த மாதம் மட்டும் கொஞ்சம் இடித்துவிட்டது" என்று சொல்லிக் கிரெடிட் கார்டைத் தேய்த்திருக்கிறேன். தீபாவளி எந்த வருடமாவது வராமல் இருந்திருக்கிறதா? மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில் துணி எடுக்க நிற்கும்போது வருகிற அந்த நெஞ்சிடிப்பு, காசு ஜனவரியிலிருந்தே சேர்ந்திருந்தால் வராது.

ஆகவே சம்பளம் வந்த அன்றே அந்த 500 வேறொரு வங்கிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்துவிடுங்கள், அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு பையில் இருக்க வேண்டாம். இ-வாலட்டில் போட்டு வைக்காதீர்கள். வங்கியில் இருந்தால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை பிடிம் (வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) காப்பு உண்டு, இ-வாலட் பணத்துக்கு அந்தக் காப்பு கிடையாது, அதோடு கியூஆர் காட்டினால் கரைந்துபோகும்.

கிரெடிட் கார்டு பற்றிச் சுருக்கமாக. குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு மட்டும் கட்டி வந்தால் என்ன ஆகிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 வெள்ளி பாக்கி, வட்டி வருடத்துக்கு 18 விழுக்காடு என்று வையுங்கள். நீங்கள் கட்டும் 250-இல் 75 வெள்ளி வட்டிக்கே போகிறது. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. பிறகு கட்டலாம் என்று போனில் வருகிற தவணைகளையும் இதே தாளில் எழுதுங்கள், 30 வெள்ளி, 45 வெள்ளி என்று சின்னதாகத்தான் இருக்கும், ஐந்தாறு சேர்ந்தால் ஒரு கரண்ட் பில்.

கூட்டு, அதாவது பலர் மாதாமாதம் காசு போட்டு முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுக்கும் சீட்டு, கட்டுகிறவர்கள் அதைச் சேமிப்பு என்று எழுதாதீர்கள். சொல்லும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது. எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் பழக்கமான ஒருவரை நம்பி மாதம் 200 கட்டினேன், பன்னிரண்டாவது மாதம் முடிந்து என் முறை வரவேண்டிய நேரத்தில் அவரையே காணோம், 2,400 வெள்ளி. யாரிடம் போய்க் கேட்பது? கூட்டு நடத்துவதையே 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கட்டாயம் மாதாமாதம் போட்டாக வேண்டும் என்ற அந்த ஒழுங்குதான் உங்களுக்கு வேண்டும் என்றால், மேலே சொன்ன தானியங்கி மாற்றம் அதையே செய்யும், உங்கள் பெயரிலேயே இருக்கும்.

அம்மா அப்பாவுக்குக் கொடுப்பதை, கோயிலுக்குக் கொடுப்பதை மீதியிலிருந்து எடுக்காதீர்கள், முதல் வரியில் எழுதுங்கள். கடைசியில் வைத்தால் ஒரு மாதம் கொடுப்போம், ஒரு மாதம் சங்கடத்தோடு போனை எடுக்காமல் இருப்போம்.

இவ்வளவும் எழுதிய பிறகு அடுத்த மாதத்துக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். நாங்கள் முதல் மாதம் பார்க்கிங்கை மட்டும் மாற்றினோம், இரண்டாம் மாதம் அந்த 500, அப்புறம்தான் கார்டு பாக்கி. சம்பளம் வந்ததும் வருகிற முதல் ஞாயிறு, காலைப் பசியாறிவிட்டு, அரை மணி நேரம். இரண்டு பேரும் உட்கார வேண்டும். ஒருவர் கணக்குப் பார்த்து மற்றவரிடம் அறிக்கை வாசித்தால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும், சண்டையில்தான் முடியும். பெரிய பிள்ளை இருந்தால் அதையும் கூப்பிடுங்கள். எங்கள் மகள்தான் யாருமே பார்க்காத ஒரு சந்தாவைக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

எழுதிப் பார்த்தபோது தவணைகளே வரவைத் தாண்டி நிற்கிறது என்றால், இந்த நோட்டு வேலை அதற்குப் போதாது. ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரர்) போகாதீர்கள், இன்னொரு கார்டும் எடுக்காதீர்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு ஏகேபிகே இருக்கிறது, ஆலோசனை இலவசம், வங்கிகளோடு பேசித் தவணையை உங்களால் கட்ட முடிகிற அளவுக்கு மாற்றித் தர முயல்வார்கள். போகும்போது சம்பளச் சீட்டு, கடன் ஸ்டேட்மெண்டுகளோடு நீங்கள் எழுதிய அந்த ஒரு மாதத் தாளையும் கொண்டுபோங்கள். உங்கள் வீட்டுச் செலவு எவ்வளவு என்று அங்கேயும் கேட்பார்கள்.