செட்டிநாட்டு வீட்டில் உலர்பூ அலங்காரம்: குறைந்த செலவில் ஒரு தொடக்கம்

உலர்ந்த பூக்களையும் மூலிகைகளையும் கொண்டு வீட்டை அலங்கரிக்கப் பணம் அதிகம் வேண்டியதில்லை. இருட்டும், காற்றோட்டமும், மூன்று வாரப் பொறுமையும் இருந்தால் போதும். இருட்டுக்குச் செட்டிநாட்டு வீடுகளில் பஞ்சமே இல்லை. வளவை, அதாவது வீட்டின் நடுவில் முற்றம் உள்ள பகுதியை, சுற்றி வரிசையாக இருக்கும் சிறிய அறைகளுள் ஒன்றைச் சுத்தம் செய்து, கதவைத் திறந்துவைத்து, குறுக்கே ஒரு கொடிக்கயிறு கட்டிவிட்டால் அதுவே உலர்த்தும் கூடமாகிவிடும்.

நான் முதன்முதலில் முயன்றது ஓர் ஐப்பசி மாதத்தில். அறை இருட்டாக இருக்கிறதே என்று, முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் கோழிக்கொண்டைப் பூக்களைத் தொங்கவிட்டேன். அடைமழையின் ஈரம் முற்றத்தின் வழியாக இறங்கி, பத்தே நாளில் பூக்கள் முழுவதும் சாம்பல் நிறப் பூசணம் பிடித்துவிட்டன. ஆகவே, தை பிறந்தது முதல் சித்திரை முடியும் வரை உள்ள வறண்ட மாதங்களில் தொடங்குங்கள். மழைக்காலத்தில் தொடங்கி மனம் தளர்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எவற்றை உலர்த்தலாம்?

தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு வாடாமல்லியை விட நல்ல ஆசிரியர் கிடையாது. அதில் நாம் இதழ் என்று நினைப்பவை உண்மையில் காகிதம் போன்ற பூவடிச் செதில்கள். அவற்றில் இயல்பாகவே நீர் மிகக் குறைவு என்பதால், உலர்ந்த பிறகும் வடிவமும் நிறமும் பல மாதங்கள் நிற்கின்றன. அதே குடும்பத்தைச் சேர்ந்த கோழிக்கொண்டையும், கண்மாய்க்கரைகளிலும் தரிசுகளிலும் தானாக முளைத்துக் கிடக்கும் பூளைப்பூவும் அடுத்த நிலையில் வருகின்றன. பூளைப்பூவைப் பறித்து வந்தால் செலவே இல்லை. அதன் வெள்ளை நிறம், வாடாமல்லியின் கருஞ்சிவப்புக்கு நல்ல எடுப்பைத் தரும்.

இவற்றுடன் நெற்கதிர், கம்பங்கதிர், ஊருணியில் கிடைக்கும் தாமரைக் காய் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நெற்கதிரை முழுவதும் முற்றிய பிறகு அறுத்தால் மணி உதிரும். பால் முற்றி, மஞ்சள் ஏறத் தொடங்கும் நேரத்திலேயே தாளுடன் அறுத்துவிட வேண்டும். மணத்துக்காக மரிக்கொழுந்து, துளசி, திருநீற்றுப்பச்சிலை ஆகியவை ஏற்றவை. மகிழம்பூ உலர்ந்த பிறகும் மணக்கும் என்பதால், மரத்தடியில் உதிர்ந்து கிடப்பவற்றைப் பொறுக்கி வந்தாலே போதும்.

மல்லிகை, முல்லை, சம்பங்கி ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அவை பழுப்பேறிச் சுருண்டுவிடும். அரளிப்பூ, செங்காந்தள், ஊமத்தங்காய் ஆகிய மூன்றையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். உலர்ந்தாலும் இவற்றின் நஞ்சு போவதில்லை. குழந்தைகள் தவழும் வீடு என்றால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

உலர்த்தும் முறை

காலையில் பனி முழுவதும் காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், நன்றாக மலர்ந்த பூக்களைக் காம்புடன் வெட்டுங்கள். அடிப்பகுதி இலைகளை உருவிவிட்டு, பத்துப் பன்னிரண்டு காம்புகளை ஒரு கொத்தாகச் சேர்த்து, நூலுக்குப் பதிலாக ரப்பர் பேண்டால் கட்டுங்கள். காம்பு உலர உலரச் சுருங்கும் என்பதால் நூற்கட்டு தளர்ந்து பூக்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழும்; ரப்பர் பேண்ட் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். கொத்துகளைத் தலைகீழாக, ஒன்றோடொன்று உரசாத இடைவெளியில் தொங்கவிட வேண்டும். தலைகீழாகத் தொங்கினால்தான் காம்பு வளையாமல் நேராக நிற்கும். வெயிலில் காயவைத்தால் விரைவில் முடியுமே என்று தோன்றும். ஆனால் வெயில் நிறத்தை வெளுக்கச் செய்துவிடும். வற்றலுக்கு வெயில், பூவுக்கு இருட்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூலிகைகள் ஒரு வாரம் முதல் பத்து நாளிலும், கோழிக்கொண்டை போன்ற கனத்த பூக்கள் மூன்று வாரத்திலும் உலர்ந்துவிடும். காம்பை வளைத்தால் மடங்காமல் ‘படக்’கென்று ஒடிய வேண்டும், அதுவே பதம்.

கடையில் வாங்கும் வாடாமல்லியில் காம்பு இருக்காது, தலை மட்டுமே இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. பூ பச்சையாக இருக்கும்போதே அடியில் ஒரு தென்னை ஈர்க்கைச் செருகிவிடுங்கள். உலரும்போது பூ சுருங்கி ஈர்க்கை இறுகப் பற்றிக்கொள்ளும், பசை தேவைப்படாது. காய்ந்த பிறகு செருக முயன்றால் பூ பொடிந்துவிடும்.

ரோஜாவைத் தொங்கவிட்டும் உலர்த்தலாம். ஆனால் இதழ்கள் சுருங்கி, மொட்டுப் போல ஆகிவிடும். மலர்ந்த வடிவம் வேண்டுமானால் மணல்தான் வழி. மெல்லிய மணலைச் சலித்து, கழுவி, வெயிலில் சூடேறக் காயவைத்து, ஆறவிடுங்கள். அட்டைப்பெட்டியில் ஓர் அங்குல உயரத்துக்கு மணல் பரப்பி, பாதி மலர்ந்த ரோஜாவை நிமிர்த்தி வைத்து, இதழ்களுக்கு இடையில் மணல் மெல்ல இறங்கும்படி கரண்டியால் தூவி மூடுங்கள். பெட்டியைத் திறந்தபடியே இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து, மணலைச் சாய்த்து வடித்து எடுக்க வேண்டும். சிவப்பு ரோஜா ஏறக்குறையக் கறுத்துவிடுவதால் நான் இளஞ்சிவப்பையே தேர்ந்தெடுக்கிறேன்.

இலைகளைச் சட்டமிட்டு மாட்ட விரும்புவோர், செய்தித்தாள்களுக்கு நடுவே அவற்றைப் பரப்பி, வீடு கட்டியபோது மிஞ்சிய ஆத்தங்குடிக் கல் (வண்ணத் தரைஓடு) இரண்டை மேலே பாரமாக வைத்தால் போதும்.

எங்கே, எப்படி வைப்பது?

இங்கே ஒரு கண்டிப்பு தேவை. முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து மெருகேற்றிய பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். ஒரு பூங்கொத்துக்காகப் பெயர்ந்த பூச்சை அதே வழுவழுப்புடன் திரும்பப் பூச, வேலை தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டியிருக்கும். ஊஞ்சல் வளையம், கொடிக்கம்பு, சன்னல் கம்பி என்று தொங்கவிடும் இடங்கள் வீட்டிலேயே ஏராளமாக இருக்கின்றன.

முகப்பில் நெற்கதிர்க் கொத்து ஒன்றைத் தொங்கவிடலாம். குருவி வந்து கொத்தினால் கொத்திவிட்டுப் போகட்டும். அடுத்த தையில் புதுக்கதிர் வந்துவிடும். வளவில், பயன்படாமல் கிடக்கும் மங்கு (பீங்கான்) ஜாடியிலோ இனாமல் தூக்கிலோ பூளைப்பூவை நிறைய வைத்து, நடுவில் மூன்றோ ஐந்தோ கோழிக்கொண்டைகளை வெவ்வேறு உயரத்தில் செருகுங்கள். ஜாடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு பூவின் உயரம் இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். தேக்குத் தூண்களும் வண்ணத் தரையும் உள்ள இடத்தில் பூ நிறங்களை இரண்டுக்கு மேல் சேர்ப்பது என் பார்வையில் கூட்டமாகிவிடுகிறது. காய்ந்த தென்னம்பாளை கிடைத்தால், அதைப் படகு போலக் கிடத்தி, தாமரைக் காய்களை அடுக்கலாம்.

மணத்துக்கு, ஓர் ஓலைக் கொட்டானில் மகிழம்பூ, மரிக்கொழுந்து, நறுக்கிய வெட்டிவேர் ஆகியவற்றைப் பரப்பி, அஞ்சறைப்பெட்டியிலிருந்து அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, கல்பாசி ஆகியவற்றைச் சிறிது சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவற்றின் மணம் விரைவில் பறந்துவிடாமல் வெட்டிவேர் பிடித்துவைக்கும். குழம்புக்கு எடுத்த மசாலா எல்லாம் கொட்டானுக்குப் போகிறது என்று வீட்டில் யாராவது குறைபட்டால், பழசாகி வீரியம் குறைந்தவற்றை எடுத்துக்கொள்ளலாம். அலங்காரத்துக்கு அவை போதும்.

பராமரிப்பு

தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். தண்ணீர் படக் கூடாது. பூவுக்குக் கீழே மாவு போல உதிர்ந்திருந்தால் வண்டு புகுந்துவிட்டது என்று பொருள். அந்தக் கொத்தைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மூன்று நாள் பிரீசரில் வைத்து எடுத்தால் வண்டுகள் செத்துவிடும். மழைக்காலம் தொடங்கும்போது கொத்துகளை முற்றத்திலிருந்து தள்ளி, உள்ளறைக்கு மாற்றுங்கள். காய்ந்த பூவும் கதிரும் நொடியில் தீப்பற்றுபவை. ஆகவே விளக்கு மாடத்துக்கும் குத்துவிளக்குக்கும் அருகில் எந்தக் கொத்தும் இருக்கக் கூடாது, குறிப்பாகக் கார்த்திகையில் வீடு முழுவதும் அகல் ஏற்றும் நாட்களில் எல்லாவற்றையும் எடுத்து அறைக்குள் வைத்துவிடுங்கள்.