மந்தையில் திரை கட்டப்போகிறவர்களுக்கு

சமூகப் படம் எடுக்கப் போகிறேன் என்று வருகிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதைத்தான். கேமராவை அப்புறம் பார்ப்போம், யார் பார்ப்பதற்காக எடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் "எல்லாருந்தாண்ணே" என்பார்கள். படம் கெட ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான்.

இந்த ஒரு கேள்விக்காகவே நாற்பது வயதை நெருங்கும்போது புதுத் தொழில் படிக்கப் போனவர் உஸ்மான் செம்பேன். 1923-இல் செனகல் நாட்டின் தெற்கே சிகின்ஷோரில் ஒரு மீனவர் வீட்டில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றுபோனது. மெக்கானிக், கொத்துவேலை, பிரெஞ்சுப் பட்டாளம், அப்புறம் பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலை, அங்கேயே தொழிற்சங்கம், வாசிப்பு, எழுத்து என்று போய் 1956-இல் முதல் நாவல் வெளியானது. பெயரும் கிடைத்தது. 1960-இல் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிச் சுற்றிப் பார்த்தபோதுதான் உறைத்தது, தான் யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களில் பெரும்பாலோருக்குப் பிரெஞ்சு படிக்கவே தெரியாது என்று. மாஸ்கோ போய் கார்க்கி ஸ்டுடியோவில் படமெடுக்கக் கற்றுக்கொண்டு வந்தார். சினிமாவை இராப் பள்ளிக்கூடம் என்று சொல்வது அவர் வழக்கம்.

அதனால் நீங்களும் ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளில் நாலைந்து பேர் பெயரை எழுதுங்கள். உங்கள் அத்தை, டீக்கடைக்காரர், நூறு நாள் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்கா. இவர்களுக்குப் புரிகிறதா, இவர்கள் எழுந்து போகாமல் உட்காருவார்களா என்பதுதான் இனி எல்லாவற்றுக்கும் அளவு.

கதைக்கு வருவோம். "சாதிக் கொடுமை", "விவசாயிகள் பிரச்சினை" என்பதெல்லாம் தலைப்பு, கதை இல்லை. 1963-இல் செம்பேன் எடுத்த 'போரோம் சாரெத்' இருபது நிமிடம் போல ஓடும் குறும்படம், டாக்கர் நகரத்தில் ஒரு குதிரைவண்டிக்காரரின் ஒரு நாள், அவ்வளவுதான். சிலர் காசு கொடுக்காமல் ஏறிக்கொள்கிறார்கள், ஒருவர் இறந்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போகச் சொல்கிறார். கடைசியில் வசதியான ஒரு ஆள் பணக்காரர்கள் இருக்கும் பகுதிக்குக் கூப்பிடுகிறான், அங்கே வண்டி ஓட்டத் தடை, போலீஸ்காரர் வண்டியைப் பறித்துக்கொள்கிறார். நம் மதுரைச் சித்திரை வீதிகளுக்குள்ளும்தான் வண்டி விட மாட்டார்கள், மாசி வீதிக் கடைகளுக்கு மூன்று சக்கர வண்டியில் சரக்கு ஏற்றி மிதிக்கிற ஒரு பெரியவரோடு காலையிலிருந்து இரவு வரை சும்மா நடந்து பாருங்கள். கேமரா வேண்டாம், நோட்டு போதும்.

அல்லது மல்லிகை. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் மொட்டு பறிக்கிற பெண்ணுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரத்தைத் தாண்டிப் போகும், அவர் கூலி அன்றைக்கும் அதேதான் என்றால், ஒரு வசனமும் இல்லாமலே உங்கள் படம் கிடைத்துவிட்டது. தோட்டத்தில் ஒரு ஷாட், மார்க்கெட் தராசில் ஒரு ஷாட், கல்யாண வீட்டுக் கூந்தலில் ஒரு ஷாட்.

எனக்குத் தனியாகப் பிடித்தது 1968-இல் வந்த 'மந்தாபி'. பாரிசில் இருக்கிற சகோதரி மகன் மணியார்டர் அனுப்புகிறான், அதை வாங்கப் போனால் அடையாள அட்டை கேட்கிறார்கள், அட்டைக்குப் பிறப்புச் சான்று, போட்டோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு கை, ஒவ்வொரு கைக்கும் ஒரு காசு. பணம் வந்த செய்தி தெரிந்து கடன் கேட்டு வருகிறவர்கள் வேறு. பெரும்பாலும் சிரிப்பாகவே போகும், சிரித்துக்கொண்டிருக்கும்போதே வயிறு கலங்கும். ஆதாரில் ஒரு எழுத்து தப்பாக விழுந்து தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்தவர்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நம் ஷார்ட் பிலிம்களில் கண்ணீர் அதிகம், நையாண்டி கம்மி. நக்கலுக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு இப்படி அழுவானேன்?

பேச்சு மொழி. இதில் நானே அடிபட்டிருக்கிறேன். என் முதல் படம் உசிலம்பட்டிப் பக்கம் பூப்பறிக்கிறவர்களைப் பற்றியது, அதற்கு நல்ல கணீர்க் குரலில் சுத்தத் தமிழில் பின்னணி பேச வைத்தேன். ஒரு கல்லூரியில் போட்டபோது கைதட்டினார்கள். ஊரில் போட்டேன். முடிந்ததும் ஒரு அம்மா, "ஏப்பா, நாங்க எப்பப்பா பேசுவோம்?" என்று கேட்டார். பதினெட்டு நிமிடப் படத்தில் அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. செம்பேனுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. பிரெஞ்சுப் பணத்தைத் தொட்டு எடுத்ததால் ஆரம்பப் படங்கள் பிரெஞ்சில் பேசின, 'மந்தாபி'யைப் பிரெஞ்சில் ஒன்று, வோலோப் மொழியில் ஒன்று என்று இரண்டாக எடுத்தார், வோலோப் பதிப்பில்தான் ஊர் ஜனம் தன் பேச்சைத் திரையில் கேட்டது. மேலூர்ப் பேச்சு வேறு, திருமங்கலம் பேச்சு வேறு, அதைத் திருத்தாதீர்கள்.

சத்தத்துக்கு மட்டும் கஞ்சம் பிடிக்க வேண்டாம். மொபைலில் படம் பிடிக்கலாம், ஆனால் மொபைல் மைக்கை நம்பினால் காற்றும் மினி பஸ் ஹாரனும்தான் பதிவாகும். ஒரு காலர் மைக் வாங்குங்கள், ஹெட்போனில் கேட்டுக்கொண்டே எடுங்கள். அதுவும் முடியவில்லையா, படத்தை ஊமையாக எடுத்து அந்த ஊர் ஆட்களையே உட்கார வைத்துப் பிறகு குரல் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்பேனின் 1966 படத்தில், பிரான்சுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணாக நடித்தவரின் குரல்கூட இன்னொரு நடிகையுடையதுதான்.

அந்தப் படத்தில் ஒரு முகமூடி வரும். ஆரம்பத்தில் அந்தப் பெண் முதலாளி வீட்டுக்குப் பரிசாகக் கொடுக்கிறாள், வெள்ளைச் சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறது. கடைசியில் ஊர்ச் சிறுவன் அதை மாட்டிக்கொண்டு முதலாளியின் பின்னாலேயே நடக்கிறான். அடிமைத்தனம் பற்றி யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. 2004-இல் வந்த அவருடைய கடைசிப் படம் பெண்ணுறுப்புச் சிதைப்பை எதிர்க்கும் பெண்களைப் பற்றியது. அதில் பெண்களின் ரேடியோக்களை ஆண்கள் பறித்துக் குவிக்கிறார்கள். ஒரு பொருள் போதும். உங்கள் கதையில் அது என்ன, ரெட்டை டம்ளரா, தராசா, பூக்கூடையா? பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் வசனத்தில் பாதியை அடித்துவிடலாம்.

வம்பு வரும். 1975-இல் அவர் எடுத்த 'ஹாலா' படத்தில் செனகல் அரசு பல இடங்களை வெட்டியது. வெட்டிய காட்சிகள் எவை எவை என்று நோட்டீஸ் அடித்து விநியோகித்தார் மனுஷன். அடுத்த படமான 'செத்தோ'வைத் தடுக்கச் சொன்ன காரணம் இன்னும் வேடிக்கை: தலைப்பில் ஒரு எழுத்தை இரட்டித்து எழுதியது தப்பாம். ஒற்று மிகுமா மிகாதா என்று ஒரு நாட்டின் ஜனாதிபதியே சண்டை போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அவ்வளவு பெரிய எதிரி வாய்க்காது, தோட்டத்து முதலாளிதான் வருவார். அதனால் நடிக்கிறவர்களிடம், குறிப்பாகக் கூலிக்குப் போகிறவர்களிடம், படம் வெளியே வந்தால் நாளைக்கு வேலை போகுமா என்று முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். தயங்கினால் முகத்தைக் காட்டாமல் கைகளை மட்டும் எடுங்கள். கை நன்றாகவே நடிக்கும்.

திரையிடல். தியேட்டரில் ஓட்டச் சென்சார் சான்றிதழ் வேண்டும். விழாக்களுக்கு அனுப்புவது தனி வேலை, மதுரையிலேயே மறுபக்கம் அமைப்பினர் 1998-இலிருந்து ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறார்கள், முதலில் அங்கே போய்ப் பார்வையாளராக உட்காருங்கள். ஆனால் எடுத்த ஊரில் போடாமல் வேறெங்கும் போடாதீர்கள். டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த ஊர்கள் இவை, புரொஜக்டரும் வெள்ளை வேட்டியும் இருந்தால் கூட்டம் தானாக வரும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, ஏழரைக்கே தொடங்குங்கள். எங்கே திரை கட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரு தெருவின் மந்தையில், அதாவது பொதுத் திடலில், கட்டினால் இன்னொரு தெருக்காரர்கள் எட்ட நின்றுதான் பார்ப்பார்கள், சில ஊரில் வரவே மாட்டார்கள். பள்ளிக்கூட மைதானம் கிடைக்குமா பாருங்கள், இல்லையென்றால் இரண்டு நாள், இரண்டு இடம்.

படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி உட்காருங்கள். எந்த நிமிடத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுகிறார்கள், எங்கே போனை எடுக்கிறார்கள் என்று குறித்து வைத்தால் அடுத்த எடிட்டிங்குக்கு அதுவே போதும். நான் அந்தப் படத்தை மறுபடி வெட்டி, கணீர்க் குரலை எடுத்துவிட்டு, அந்த அம்மாவையே பேச வைத்தேன். இரண்டாம் தடவை பார்த்தவர் தன் குரலைக் கேட்டுவிட்டு, "கூலிய இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்" என்றார்.