மெக்ஆர்தரைப் பற்றி எழுதுமுன்: புகழையும் வசையையும் சலித்தெடுப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் படை நடத்திய அமெரிக்கத் தளபதி ஜெனரல் டக்ளஸ் மெக்ஆர்தரைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காருபவர்கள் தாளின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் பாராட்டு, மறுபக்கம் கண்டனம் என்று அடுக்கத் தொடங்குவார்கள். கடைசியில் ‘நிறையும் குறையும் கலந்தவர்’ என்று முடியும். அதைச் சொல்ல ஆராய்ச்சியே தேவையில்லை.

கோட்டுக்குப் பதில் நான்கு கட்டம் போடுங்கள்: அவர் எடுத்த முடிவு, எடுத்த தேதி, அன்று கையில் இருந்த தகவல், பாராட்டோ வசையோ எழுந்த தேதி. பல சிக்கல்கள் நான்காவது கட்டத்திலேயே அவிழ்ந்துவிடும்.

1942-இன் புகழை முதலில் நிரப்புங்கள். பிலிப்பைன்ஸில் ஜப்பானியரிடம் தோற்றுக்கொண்டிருந்தவர் அமெரிக்காவில் நாயகனானது எப்படி? போர் தொடங்கியதிலிருந்து மார்ச் 11 வரை அவரது தலைமையகம் வெளியிட்ட 142 அறிக்கைகளில் 109, ஒரே ஒருவரின் பெயரை மட்டுமே சொல்லின. அது அவர் பெயர். சொந்த அலுவலகம் அடித்த தமுக்கு என்பதால், அந்த மாதங்களின் பத்திரிகைப் புகழ்ச்சியைச் சான்றாக வைக்காதீர்கள்.

அடுத்து வசை. பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் பசியோடு கிடந்த சிப்பாய்கள் அவருக்கு வைத்த பெயர் ‘டக்அவுட் டக்’, அதாவது பதுங்குகுழி டக். அவரது தலைமையகம் இருந்த கொரிஹிடோர் தீவிலிருந்து அவர் பட்டானுக்கு வந்தது ஒரே முறை, 1942 ஜனவரி 10 அன்று. இதை வைத்துக் கோழை என்று எழுதினால் தவறு. கொரிஹிடோரில் குண்டு விழும்போதும் வெளியே நின்று பார்த்தவர் அவர். சிப்பாய்களின் கோபத்துக்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. அதைத் தோண்டினால்தான் கட்டுரை தேறும்.

பழைய திட்டப்படி எதிரி வந்தால் படை பட்டானுக்குப் பின்வாங்க வேண்டும். உணவையும் அங்கே முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். மெக்ஆர்தர் அதை மாற்றி, கடற்கரையிலேயே தடுப்போம் என்றார். சரக்கும் அதற்கேற்ப வெளியே பரவிக் கிடந்தது. 1941 டிசம்பர் 22-இல் லிங்காயன் வளைகுடாவில் ஜப்பானியர் இறங்கியதும் பழைய திட்டத்துக்கே திரும்பினார். பட்டானுக்குள் சுமார் 80,000 படையினரும் 26,000 பொதுமக்களும் வந்து சேர்ந்தார்கள். போதிய அரிசி வந்து சேரவில்லை. ஜனவரி முதல் வாரத்திலேயே ரேஷன் பாதியானது, பின்னர் இன்னும் குறைந்தது. மலேரியாவும் சேர்ந்துகொள்ள, ஏப்ரல் 9-இல் பட்டான் சரணடைந்தது. அதற்கு நான்கு வாரம் முன்பே, அதிபர் ரூஸ்வெல்ட்டின் உத்தரவுப்படி, அவர் கிளம்பியிருந்தார். இங்கே குற்றம் கிடங்குக் கணக்கில், துணிச்சலில் அல்ல.

கொரியப் போரில் இன்சோன் துறைமுகத்தில் நடந்த தரையிறக்கத்துக்கு (1950 செப்டம்பர் 15) முழுப் பாராட்டையும் தயங்காமல் கொடுங்கள். ஒன்பது மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும் கடலில், வாஷிங்டனின் தளபதிகளே தயங்கிய இடத்தில், அவர் துணிந்தார், வென்றார். ஆனால் அந்த வெற்றிக்குப் பின் அவரை எதிர்த்துக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. சீனா பெரிய அளவில் போரில் இறங்காது என்ற கணிப்பு அவருடையது மட்டுமல்ல, உளவுத்துறையும் அதையே சொன்னது. அந்தப் பிழையை அவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். நடுவே மலைத்தொடர் கிடக்க, எட்டாம் படை, பத்தாம் கோர் என்ற தன் இரு படைப்பிரிவுகளையும் தனித்தனியே வடக்கே அனுப்பியது மட்டும் அவர் கணக்கில்தான் வரும்.

1951 ஏப்ரல் 11-இல் அதிபர் ட்ரூமன் அவரைப் பதவிநீக்கம் செய்ததைப் போர்த்திறமையோடு குழப்பக் கூடாது. அது அரசின் கொள்கையை ஒரு தளபதி வெளிப்படையாக எதிர்க்கலாமா என்ற வழக்கு. தனி இயலாக எழுதுங்கள். நாடு திரும்பியவரை நியூயார்க் தெருக்களில் காகிதத் துணுக்கு மழை பொழிந்து வரவேற்றார்கள். அந்தக் கூட்டத்தை ஆதரவின் அளவாக எடுத்தால் சறுக்குவீர்கள். மறு ஆண்டு ஜூலையில் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் முக்கிய உரையே அவருடையதுதான். அதிபர் வேட்பாளர் தேர்வில் 1,206 வாக்குகளில் அவருக்கு விழுந்தவை 10. வேட்பாளரானவர் ஐசனோவர், ஒருகாலத்தில் மணிலாவில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்.

அவரது தன்வரலாற்றைக் கட்டங்கள் நிரம்பிய பிறகே எடுங்கள். முதலில் படித்தால் நான்கு கட்டத்தையும் அவரே நிரப்பிவிடுவார்.