ஃபிளைட் சிமுலேட்டர் திணறுகிறதா? புது கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

கணினியில் ஃபிளைட் சிமுலேட்டரில் விமானம் ஓட்டுகிற அத்தை மகன் போன மாதம் போன் செய்தான். "அண்ணா, கார்டு மாத்திட்டேன். ஆனா நியூயார்க்ல இறங்கும்போது அதே 27 எஃப்பிஎஸ்தான் வருது." (நொடிக்கு எத்தனை படம், அதாவது ஃபிரேம், திரையில் வருகிறது என்ற கணக்குதான் எஃப்பிஎஸ்.) குரல் கம்மியிருந்தது. எட்டு மாதம் ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அது. பழைய ஜிடிஎக்ஸ் 1650-ஐக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 போட்டிருக்கிறான். கார்டில் ஒரு பழுதும் இல்லை. அவன் கணினியில் வேலை தேங்கி நின்ற இடமே வேறு. அது தெரியாமல் செலவு செய்துவிட்டான்.

அவனுக்கு அன்று போனில் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-ஐ எடுத்துக்கொள்கிறேன். 2024 பதிப்பு, எக்ஸ்-பிளேன் 12, இலவசமாகக் கிடைக்கும் ஃபிளைட்கியர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். மெனுக்களின் பெயர்தான் கொஞ்சம் மாறும்.

முதலில், உள்ளே நடப்பது என்ன?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையற்கட்டுதான் பிராசஸர். பரிமாறுகிறவர் கிராபிக்ஸ் கார்டு. அவர் கையில் இருக்கும் வாளி, கார்டில் உள்ள நினைவகம், அதாவது விரேம். பரிமாறுகிறவர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், உள்ளேயிருந்து சாம்பார் வராவிட்டால் சும்மா நிற்க வேண்டியதுதான். சாம்பார் கொதித்துத் தயாராக இருந்தும் பரிமாற ஆள் போதாவிட்டால் அப்போதும் இலை காலிதான். வாளி சின்னதாக இருந்தால் நாலு இலைக்கு ஒருமுறை உள்ளே ஓடி வரவேண்டும்.

மற்ற விளையாட்டுகளை விட சிமுலேட்டரில் சமையற்கட்டுக்கு வேலை மிக அதிகம். இறக்கையின் மீது காற்று தரும் விசை, காக்பிட்டின் ஒவ்வொரு திரை, சுற்றிப் பறக்கும் மற்ற விமானங்கள், கண்ணுக்கெட்டும் தூரம் வரையுள்ள கட்டடங்கள் என எல்லாவற்றையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணக்குப் போட்டு, "இதை வரை" என்று கார்டிடம் சொல்வது பிராசஸர்தான். இந்த வேலையில் பெரும்பகுதி ஒரே ஒரு திரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நடக்கிறது. அதனால் பிராசஸரில் தனித்தனியாக வேலை செய்யும் பதினாறு கோர் இருந்தாலும், அந்த ஒரு கோரின் வேகம்தான் பல நேரம் எல்லையைத் தீர்மானிக்கிறது. எல்3 கேஷ் என்பது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்; கோர் ரேமுக்காகக் காத்திருப்பதை அது குறைக்கும். 96 எம்பி எல்3 கேஷுடன் 2022-இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸருக்கு சிமுலேட்டர் ஆட்களிடம் அவ்வளவு மரியாதை கிடைத்ததும் இதனால்தான்.

படி 1: கேபிளைப் பாருங்கள்

சிரிக்காதீர்கள், கணினியின் பின்பக்கம் போய் ஒருமுறை பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா? யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருந்தால் அது மதர்போர்டு. கீழே படுக்கைவாட்டில் மூன்று நான்கு துளைகள் வரிசையாக இருக்குமே, அதுதான் கார்டு. கேபிள் அங்கேதான் இருக்க வேண்டும்.

லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிக்கொள்ளுங்கள். அப்புறம் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், சிமுலேட்டருக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ் சிப்பில் ஓட வாய்ப்புண்டு.

படி 2: ஒரே சோதனைப் பயணம்

"நேற்று நல்லா ஓடிச்சு, இன்னைக்கு ஓடல" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நேற்று தெளிந்த வானத்தில் பாலைவனத்தின் மேல் பறந்திருப்பீர்கள், இன்று மழை மேகத்துக்குள் லண்டனில் இறங்கியிருப்பீர்கள்.

அதனால் ஒரு பயணத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது நியூயார்க் லாகார்டியா விமான நிலையம், ஓடுதளம் 22, இறங்குவதற்கு முந்தைய கடைசி 5 கடல்மைல். மன்ஹாட்டன் கட்டடக் கூட்டம் முன்னே தெரியும், கணினிக்கு நல்ல சுமை. நேரடி வானிலையை அணைத்துவிட்டு, பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு வானிலையை வைத்துக்கொள்ளுங்கள். நேரடி விமானப் போக்குவரத்தும் வேண்டாம். நேரம் நண்பகல், விமானம் எப்போதும் ஒன்றே. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதையே ஓட்டி, எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

படி 3: தேங்கி நிற்பது யார்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஜெனரல் ஆப்ஷன்ஸில் 'டெவலப்பர்ஸ்' பகுதிக்குப் போய் டெவலப்பர் மோடை ஆன் செய்யுங்கள். திரையின் மேலே ஒரு மெனு வரும். அதில் 'டீபக்' என்பதன் கீழ் 'டிஸ்ப்ளே எஃப்பிஎஸ்' இருக்கும். அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். எஃப்பிஎஸ் எண்ணை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் 'லிமிட்டட் பை' என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். 'மெயின்திரெட்' என்று வந்தால் பிராசஸர் தடை. 'ஜிபியூ' என்று வந்தால் கார்டு தடை.

அத்தை மகனிடம் அதைத்தான் கேட்டேன். "மெயின்திரெட்னு செவப்பா இருக்குண்ணா" என்றான். கதை அங்கேயே புரிந்துவிட்டது. பழைய கார்டு இருந்தபோதும் அதுவே வந்திருக்கும், அவன் பார்த்ததில்லை.

இந்தப் பெட்டி இல்லாத சிமுலேட்டரிலும் கண்டுபிடிக்க வழி உண்டு. ரெண்டர் ஸ்கேலிங்கை (படத்தை எத்தனை சதவீத அளவில் வரைவது என்ற செட்டிங்) 100-இலிருந்து 50-க்குக் குறையுங்கள், அல்லது ஜன்னலைப் பாதியாகச் சுருக்குங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் குறைந்துவிட்டதால் கார்டின் சுமை சட்டென்று இறங்கும். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஏறவே இல்லையென்றால் பிராசஸர்.

படி 4: வாளி நிரம்பிவிட்டதா?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியூவைத் தேர்ந்தெடுத்தால் கீழே 'டெடிகேட்டட் ஜிபியூ மெமரி' தெரியும். விமானம் நகரத்தின் மேல் வரும்போது அது விளிம்புவரை நிரம்பி, 'ஷேர்டு' எண்ணும் ஏற ஆரம்பித்தால், விரேம் போதவில்லை.

அப்போது கார்டு தனக்கு வேண்டிய படங்களைக் கணினியின் ரேமிலிருந்து இழுக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி மாடலில் சொந்த நினைவகத்தின் வேகம் நொடிக்கு 360 ஜிபி. மதர்போர்டு வழியாக, பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-இன் 16 பாதைகளில் வருவது நொடிக்குச் சுமார் 32 ஜிபி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் தலையைத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் படம் அரை நொடி உறைகிறது. இதற்கு மருந்து டெக்ஸ்ச்சர் ரெசல்யூஷனை (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்களின் நுணுக்கம்) ஒரு படி இறக்குவது. கூடவே பிரவுசரை மூடுங்கள், அதுவும் விரேம் தின்னும்.

படி 5: தடைக்கு ஏற்ற செட்டிங்

எல்லாவற்றையும் 'லோ'வில் தள்ளிவிட்டு அழகில்லாத உலகத்தில் பறக்க வேண்டியதில்லை. எது யாருடைய சுமை என்று தெரிந்தால் போதும்.

பிராசஸர் தடை என்றால் டெரெய்ன் எல்ஓடி, ஆப்ஜெக்ட் எல்ஓடி (தரையும் பொருள்களும் எவ்வளவு தூரம்வரை நுணுக்கமாகத் தெரிய வேண்டும் என்ற அளவு), கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் ரேட் (காக்பிட் திரைகள் புதுப்பிக்கப்படும் வேகம்), விமான நிலைய வாகனங்கள், பிற விமானங்கள் ஆகியவற்றைக் குறையுங்கள். கார்டு தடை என்றால் ரெண்டர் ஸ்கேலிங், மேகங்கள், நிழல்கள், எதிரொளிப்பு.

அத்தை மகன் டெரெய்ன் எல்ஓடியை 200-இலிருந்து 100-க்குக் கொண்டுவந்தான், தரையில் ஓடும் வாகனங்களைக் குறைத்தான். லாகார்டியாவில் 27 இருந்த இடத்தில் 36 வந்தது. அப்புறம் மேகத்தை 'அல்ட்ரா'வுக்கு ஏற்றச் சொன்னேன். பயந்துகொண்டே ஏற்றினான். எண் அசையவில்லை. புதுக் கார்டு இவ்வளவு நாள் வேலையில்லாமல் நின்றிருந்தது, இப்போதுதான் அதற்கு வேலை கிடைத்திருக்கிறது. மாலை வெயிலில் மேகத்தின் ஓரம் பொன்னிறமாக மின்னுவதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். அந்தப் பணம் வீணாகவில்லை என்று எனக்கும் நிம்மதி.

டிஎல்எஸ்எஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் வந்த சிம் அப்டேட் 10-இல் இந்த வசதி சேர்ந்தது. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் முறை இது. ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும். கார்டு தடையாக இருந்தால் நன்றாக உதவும், பிராசஸர் தடைக்கு உதவாது. ஆனால் காக்பிட் திரையில் ஓடும் எண்களின் பின்னால் நிழல் போல ஒரு மங்கல் தெரியும். உயரமானியைப் படித்துக்கொண்டே இறங்குகிற எனக்கு அது பிடிக்கவில்லை. பிராசஸர் தடையிலும் எண்ணை ஏற்றிக்காட்டுவது ஃபிரேம் ஜெனரேஷன். ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்து அது உண்டு. இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் இன்னொன்றைக் கார்டே உருவாக்கிச் செருகிவிடும்.

படி 6: டிரைவர்

சிமுலேட்டர் சொல்வதைக் கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது டிரைவர். அது சரியில்லையென்றால் எவ்வளவு நல்ல கார்டும் ஊமைதான். டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' திறந்து பாருங்கள். கார்டின் பெயருக்குப் பதிலாக 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று மட்டும் இருந்தால், டிரைவரே இல்லை என்று அர்த்தம்.

டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். "எல்லா டிரைவரையும் அப்டேட் செய்து தருகிறோம்" என்று வரும் மென்பொருள்களின் பக்கமே போக வேண்டாம். என்விடியாவில் 'கேம் ரெடி', 'ஸ்டூடியோ' என இரண்டு வகை வரும். சிமுலேட்டருக்கு இரண்டுமே ஓடும், புது விளையாட்டுகளுக்கான திருத்தங்கள் முதலில் வருவது கேம் ரெடியில். இன்ஸ்டால் செய்யும்போது 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து 'கிளீன் இன்ஸ்டலேஷன்' பெட்டியில் டிக் செய்யுங்கள்.

புது டிரைவர் போடும் முன், இப்போதுள்ள டிரைவரின் எண்ணை அதே நோட்டில் எழுதி வையுங்கள். புதியதெல்லாம் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியில் ஒரு புது டிரைவரைப் போட்டேன். ஏழு மணி நேரப் பயணம், இறங்க இருபது நிமிடம் இருக்கும்போது திரை கறுத்து சிமுலேட்டர் மூடிக்கொண்டது. கட்டளை கொடுத்து 2 நொடிக்குள் கார்டு பதில் தராவிட்டால், விண்டோஸ் டிரைவரைத் தானே மீண்டும் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சிமுலேட்டர் பெரும்பாலும் விழுந்துவிடும். பழைய எண்ணுள்ள டிரைவருக்குத் திரும்பினேன், பிரச்சினை போய்விட்டது. நன்றாக ஓடுகிறது, புது வசதி எதுவும் தேவையில்லை என்றால் தொடாமல் விடுவதே என் வழக்கம்.

திரும்பிப் போவதற்கு டிடியூ என்கிற 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' நல்ல கருவி. பழைய டிரைவரை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணைய இணைப்பைத் துண்டியுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள டிரைவரை நடுவில் போட்டுவிடும். சேஃப் மோடில் (விண்டோஸ் அடிப்படை டிரைவர்களோடு மட்டும் ஓடும் நிலை) கணினியைத் தொடங்கி, டிடியூவால் சுத்தமாக நீக்கி, மறுபடி சாதாரணமாகத் தொடங்கி, பழையதைப் போடுங்கள். வரிசை முக்கியம்.

டிரைவர் மாற்றியதும் முதல் பயணம் திக்கித்தான் ஓடும். ஷேடர்களை (ஒளி, நிழல், நிறத்தைக் கணக்கிடும் சின்ன நிரல்கள்) புதிதாகத் தயாரித்துச் சேமிக்க வேண்டியிருக்கிறது. அந்த முதல் ஓட்டத்தை நோட்டில் எழுதாதீர்கள், இரண்டாவதை எழுதுங்கள்.

ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அவற்றுக்கான கேம் ரெடி டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். கார்டு வழக்கம்போல ஓடும், புதிய சிமுலேட்டர்களுக்கான திருத்தங்களை மட்டும் எதிர்பார்க்க முடியாது.

படி 7: இதற்குப் பிறகும் 'ஜிபியூ' என்றே வந்தால்

இப்போது கார்டு வாங்கலாம். 2024 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பது 8 ஜிபி விரேமும் 32 ஜிபி ரேமும். சிறப்பாக ஓட 12 ஜிபி விரேமும் 64 ஜிபி ரேமும் கேட்கிறது. என்னைக் கேட்டால், சிமுலேட்டருக்காக மட்டும் வாங்குகிறவர், ஒரே விலையில் வேகம் சற்றுக் கூடிய 8 ஜிபி கார்டும் வேகம் சற்றுக் குறைந்த 12 ஜிபி கார்டும் கிடைத்தால், 12 ஜிபியையே எடுக்கலாம்.

கடைக்குப் போகும் முன் கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 75 வாட் கார்டுகள் பல, தனி மின் கேபிளே இல்லாமல் ஓடும். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட் வேண்டும், என்விடியா சொல்வது 550 வாட் எஸ்எம்பிஎஸ். உங்களுடையதில் கார்டுக்கான 8 பின் கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். கேபினெட்டுக்குள் கார்டின் நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேலை வைத்து அளந்துகொண்டு போங்கள்.