பிரேக் மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க விடும் டிராக் டே அன்று புதிய பிரேக்குடன் வந்து நிற்கும் கார்களைப் பார்த்தால், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளே வரிசையில் நிற்பதுபோல் இருக்கிறது. போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விடுவது போன்றவற்றை எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிஸ்டனை எண்ணி கேலிப்பர் வாங்குவது

என் சிறிய டர்போ காரின் முன்சக்கரங்களில் இருந்தது 54 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைப் பிஸ்டன் கொண்ட நகரும் கேலிப்பர்; அதாவது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் இருபுறமும் பேடு எனும் தேய்ப்புக் கட்டைகளை அழுத்தும் கவ்வி. அதைக் கழற்றிவிட்டு, மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டி, நான்கு பிஸ்டன் உள்ள, நகராத சிவப்புக் கேலிப்பரையும் பெரிய டிஸ்க்கையும் மாட்டினேன். பிஸ்டன் ஒவ்வொன்றும் 42 மி.மீ. என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தும் நான் கணக்குப் போடவில்லை. நகராத கேலிப்பரில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் பரப்பை மட்டுமே பழைய ஒற்றைப் பிஸ்டனோடு ஒப்பிட வேண்டும். பழையது சுமார் 2,290 சதுர மி.மீ., புதியதோ 2,770. மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்பதால், கூடுதல் ஆயிலைத் தள்ள மிதி முன்னைவிட ஆழமாக இறங்கியது. காற்று புகுந்திருக்கும் என்று நம்பி இரண்டு முறை காற்றெடுத்தோம். ஒரு குமிழ்கூட வரவில்லை.

அதைவிட மோசம், முன்பின் சமநிலை குலைந்தது. முன்பிரேக்கின் பலம் பிஸ்டன் பரப்பாலும் டிஸ்க்கின் விட்டத்தாலும் ஏறிவிட, பின்பிரேக் பழைய அளவிலேயே நின்றதால், பின்டயர்கள் தம் பங்கை முழுதாகச் செய்யும் முன்பே முன்பக்கம் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) துடிக்கத் தொடங்கியது. துடிப்புக்குச் சற்று முன்வரை மட்டும் மிதித்து 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தியபோது, பழைய பிரேக்கில் நின்ற இடத்துக்கு அடையாளமாக வைத்திருந்த செங்கல்லைத் தாண்டிப் பாதி கார் நீளம் போய் நின்றேன். ஒரே ஒரு முறை காரை நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிதான்; பெரிய டிஸ்க் தருவது, சுற்றுக்குச் சுற்று ஏறும் வெப்பத்தைத் தாங்கும் திறன். அதே கேலிப்பர் 38 மி.மீ. பிஸ்டனுடன், அதே விலையில், பட்டியலின் அடுத்த வரியிலேயே இருந்தது. அதன் பரப்பு சுமார் 2,270. ஏறத்தாழ பழைய அளவேதான். இன்றும் அதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

பழைய ஆயிலை அப்படியே விடுவது

டாட் 4 என்ற வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சியபின் 155 வரை இறங்கலாம். கொதித்தால் ஆவி உண்டாகி மிதி தரையைத் தொடும். சென்னையின் புழுக்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

துளையிட்ட டிஸ்க்

பார்வைக்கு அழகு. பந்தயத் தடத்தில் துளையோரமாக விரிசல் விடும்.

வீலை அளக்காமல் பணம் கட்டுவது

கேலிப்பரின் வடிவத்தை அட்டையில் வெட்டி, வீலுக்குள் இடம் போதுமா என்று வைத்துப் பாருங்கள்.

சூடான டிஸ்க்கோடு நிற்பது

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிட வேண்டும். சென்ற முறை ஒரு தம்பி வேகமாக உள்ளே வந்து, மிதியில் வைத்த காலை எடுக்காமலேயே நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அடுத்த ஓட்டத்தில் ஸ்டியரிங் நடுங்கவே, டிஸ்க் வளைந்துவிட்டது, புதிது வேண்டும் என்று கேட்டு வந்தார். கழற்றிப் பார்த்தோம், டிஸ்க் வளையவில்லை, அதன்மேல் பேடின் வடிவம் கருநீலமாகப் பதிந்திருந்தது.