இரண்டும் ஆரஞ்சு, கோர் வேறு

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. ஆபீஸிலிருந்து இலை வாட்டும் மாடிக்கு 180 மீட்டர். கேட்6 என்ற செம்பு நெட்வொர்க் கேபிள் 100 மீட்டரோடு நின்றுவிடும், மலையில் இடி வேறு. அதனால் அங்கே பழைய மல்டிமோட் ஃபைபர், அதாவது தகவலை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிளில் ஒரு வகை. கொஞ்ச நாளாக லிங்க் நிமிடத்துக்கொரு தரம் அறுந்து அறுந்து வந்தது.

பனிமூட்டத்தில் ஈரம் ஏறியிருக்கும் என்று கனெக்டர்களைத் துடைத்தோம். எஸ்எஃப்பி (ஃபைபரைச் சுவிட்சோடு இணைக்கும் ஒளி மாட்யூல்) மாற்றினோம், சுவிட்ச் மாற்றினோம். "பேசாம சிங்கிள்மோட் இழுத்துடலாம் சார்" என்றார் கேபிள்காரர். அது வேறு வகை ஃபைபர், புதிதாகத் தோண்டிப் பதிக்க வேண்டும். அந்தக் காசை யார் தருவது?

சுவிட்சில் வாங்கும் ஒளியளவைப் பார்த்தேன். ஆபீஸ் முனையில் -12 டிபிஎம் (ஒளியின் பலத்துக்கான அளவு, மைனஸ் கூடக்கூட ஒளி குறைவு). மாடியில் மட்டும் -17. எங்கள் லிங்க் ஓடும் 1000பேஸ்-எஸ்எக்ஸ் என்ற ஜிகாபிட் முறைக்கு அதுதான் விளிம்பு.

மாடியில் எலி கடித்ததற்குப் பதிலாகப் போட்ட பேட்ச் கார்டு (மண்ணுக்குள் வரும் கேபிளைச் சுவிட்சோடு இணைக்கும் குட்டைக் கேபிள்) புதுசு, யாரும் சந்தேகப்படவில்லை. அதன்மேல் பொடி எழுத்தில் 50/125, அதாவது ஒளி ஓடும் நடுப்பகுதியான கோர் 50 மைக்ரான், அதைச் சுற்றிய கண்ணாடியோடு 125. மண்ணுக்குள் போகும் கேபிளிலோ 62.5/125. 62.5 வகையான ஓஎம்1, 50 வகையான ஓஎம்2 இரண்டுக்குமே ஆரஞ்சு உறைதான் வழக்கம். கனெக்டரும் கச்சிதமாகப் பொருந்தும். 62.5 மைக்ரான் கோரிலிருந்து 50க்குள் நுழையும்போது ஒளியில் ஒரு பங்கு சிந்திவிடும். எதிர்த்திசையில் அப்படிச் சிந்தாது. அடி ஒரு பக்கம் மட்டும் விழுந்தது இதனால்தான்.

குன்னூரில் கேட்ட இடத்திலெல்லாம் ஓஎம்3 நீட்டினார்கள், அதுவும் 50தான். கோயம்புத்தூரிலிருந்து 62.5 கார்டு வரவழைத்துச் செருகியதும் மாடியில் -13. அதன்பின் லிங்க் அறுந்ததில்லை.